முப்பத்தொன்றாம் வரிசை, ஏழும் எட்டும்

ரோஸ்டாக், கான்சஸ்
ஆகஸ்ட் 6

ஆர்டித்,

நாற்காலிகளைப் பற்றி எது பேசுவதானாலும் தபாலில்தான் பேச வேண்டும் என்று நம் விவாகரத்துத் தீர்ப்பின் பதினைந்தாம் பிரிவு சொல்வதால் இதை எழுதுகிறேன். போனில் ஒரே ஒரு தடவை கத்தினேன். அதற்கு ஒன்பது வருடமாகத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

கார்வர் கல்லூரியின் இந்த வருட ஃபுட்பால் ஆட்டங்களில் என் பங்கு டிக்கெட்டுகள் நேற்று போனுக்கு வந்து சேர்ந்தன. நன்றி. எண்ணிப் பார்த்தால் நான்கு ஆட்டங்கள்தான் இருக்கின்றன. நவம்பர் 23, ப்ரெய்ரி ஸ்டேட்டுடன் ஆடும் ஆட்டம் இல்லை. மறந்திருப்பாய் என்று நினைக்க ஆசைதான், ஆனால் நீ எதையும் மறக்கிறவள் இல்லை.

பதினான்காம் பிரிவை அப்படியே எழுதுகிறேன்: 'மேற்கு அரங்கு, முப்பத்தொன்றாம் வரிசை, ஏழு, எட்டு எண் நாற்காலிகள். கார்வர் கல்லூரி தன் கூட்டணிக்குள் ஆடும் ஆட்டங்களுக்கு இரண்டும் டெல்பர்ட் ஷ்ராக்குக்கு. கூட்டணிக்கு வெளியே ஆடும் ஆட்டங்களுக்கு இரண்டும் ஆர்டித் ஷ்ராக்குக்கு.'

நீதிபதி இதை எழுதியபோது கார்வரும் ப்ரெய்ரி ஸ்டேட்டும் எழுபது வருடமாக ஒரே கல்லூரிக் கூட்டணியில், சமவெளிக் கூட்டணியில், இருந்தன. கூட்டணி உடையும் என்று யார் கண்டது? மூன்று வருடம் முன்பு ப்ரெய்ரி ஸ்டேட் டிவிக்காரர்கள் பின்னால் போய் 'ஏரிப் பன்னிரண்டு' கூட்டணியில் சேர்ந்தது. அவர்களோடு ஆடுவது வெளி ஆட்டம் ஆனது. வெளி ஆட்டம் உன்னுடையது. இரண்டு வருடம் முன்பு அவர்கள் நம் ஊருக்கு வந்தபோது நீ உள்ளே இருந்தாய், நான் கார் நிறுத்துமிடத்தில் பிக்கப்புக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்டேன். சட்டம் சட்டம்தான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது ஜூலை முதல் தேதியிலிருந்து கார்வரும் ஏரிப் பன்னிரண்டில் சேர்ந்துவிட்டது. (கூட்டணியில் பதினேழு கல்லூரிகள் இருக்கின்றன. நம் பக்கத்தில் ஒரு ஏரியும் இல்லை. அதை விடு.) இரண்டு கல்லூரியும் மறுபடி ஒரே கூரைக்குக் கீழ். ஆகவே இது உள் ஆட்டம், ஆகவே என்னுடையது. தயவுசெய்து அனுப்பிவிடு.

பதினேழு பேர் சுற்றி வந்து ப்ரெய்ரி ஸ்டேட் மறுபடி நம் ஊருக்கு வர ஆறு வருடம் ஆகுமாம். அதற்குள் மேற்கு அரங்கையே இடிக்கப் போகிறார்களாம். கல்லூரியில் சேர்ந்த வருடத்திலிருந்து, அந்த ஒன்றைத் தவிர, நம் ஊரில் நடந்த ப்ரெய்ரி ஸ்டேட் ஆட்டம் எதையும் நான் விட்டதில்லை. முப்பத்தொன்றாம் வரிசை இருக்கும்போதே இதையும் பார்த்துவிட வேண்டும்.

டெல்பர்ட்


கார்வர்
ஆகஸ்ட் 14

டெல்பர்ட்,

மறக்கவில்லை. அட்டவணை என் ஃப்ரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. கூட்டணி ஆட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். ப்ரெய்ரி ஸ்டேட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இல்லை. அச்சுப் பிழையோ என்று நானே டிக்கெட் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும், பாவம்.

"மேடம், அவங்க நம்ம கூட்டணிதான். ஆனா அந்த ஆட்டம் வெளி ஆட்டம்."

"ஒரே கூட்டணியில இருக்கிறவங்க ஆடுறது எப்படிம்மா வெளி ஆட்டம் ஆகும்?"

"அவங்க நம்மள விட்டுட்டுப் போனப்போ நாலு வருஷத்துக்கு வெளி ஆட்டம்னு கையெழுத்துப் போட்டுக்கிட்டாங்க மேடம். அந்த ஒப்பந்தம் இந்த வருஷம்தான் முடியுது. நடுவுல நாமளும் அங்கேயே போயிட்டோம். அதனால ஆடுவாங்க, ஆனா புள்ளிப் பட்டியல்ல சேராது."

"உனக்குப் புரியுதாம்மா?"

"இல்ல மேடம். எழுதிக் குடுத்திருக்காங்க, அதைப் படிக்கிறேன்."

ஆகவே வெளி ஆட்டம். ஆகவே என்னுடையது.

பேச்சு வந்துவிட்டதால் இதையும் கேள். ஒன்பது வருடமாக எனக்கு வருவதெல்லாம் செப்டம்பர் ஆட்டங்கள். அந்த அலுமினிய நாற்காலியில் உட்கார்ந்தால் தொடை வெந்துபோகும். எதிரணி எந்த மாநிலம் என்று கூடத் தெரியாது, தோற்பதற்கென்றே பஸ் ஏறி வருவார்கள். குளிரும் கூட்டமும் இசைக்குழுவுமாக அக்டோபர் முழுவதும் உனக்கு. ஒரு தடவையாவது முணுமுணுத்தேனா? கூட்டணி உடைந்ததில் எனக்கென்று ஒரு நல்ல ஆட்டம் கிடைத்தது. அதுவும் உன் கண்ணை உறுத்துகிறது.

அந்த நாற்காலிகள் நம் கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்தவை. இதை நீ உன் கடிதத்தில் எழுதவில்லை.

ஆர்டித்


ரோஸ்டாக்
ஆகஸ்ட் 22

ஆர்டித்,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தானியக் கிடங்கில் காலையில் காப்பிக்குக் கூடுகிறவர்களிடம் படித்தும் காட்டினேன் (அந்தக் கல்லூரிப் பெண் பேசியதை மட்டும்). அரை மணி நேரம் ஒரே சண்டை.

"உள்ளதான்யா! ஒரே கூட்டணின்னா உள்ள!" என்றான் லைல் பென்னர்.

"அப்ப நட்சத்திரம் ஏன் போடல?" என்றான் அவன் தம்பி வில்மர்.

"நட்சத்திரம் போடுறவனுக்கே எந்தக் கூட்டணின்னு தெரியல போலருக்கு," என்றான் இன்னொருவன்.

"டெல்பர்ட், உனக்குத் தீர்ப்பு எழுதின ஜட்ஜு வாழ்க்கையில ஒரு ஆட்டம்கூடப் பாத்திருக்க மாட்டார்யா. பாத்தவரா இருந்தா பேரப் போட்டு எழுதியிருப்பாரு. 'ப்ரெய்ரி ஸ்டேட் புருஷனுக்கு'ன்னு," என்றான் லைல்.

லைல் வாயைத் திறந்தால் எப்போதும் அபத்தம்தான். ஆனால் இந்தத் தடவை அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அன்று நீதிபதி மனதில் என்ன இருந்தது? ப்ரெய்ரி ஸ்டேட் எனக்கு என்பதுதான் இருந்தது. உனக்கும் அது தெரியும்.

கூட்டணியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை அந்த டிக்கெட்டுகளை யாருக்கும் கொடுத்துவிடாதே. குறிப்பாக உன் தம்பி மெரிலுக்கு. அவன் மூன்றாம் கால்பகுதியில் தூங்கிவிடுவான்.

நாற்காலிகள் உன் அப்பா கொடுத்தவை. மறக்கவில்லை. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

டெல்பர்ட்


கார்வர்
செப்டம்பர் 9

டெல்பர்ட்,

சனிக்கிழமை முதல் வெளி ஆட்டம் முடிந்தது. நூற்றிரண்டு டிகிரி வெயில். நம் கார்வர் நாரைகள் ஐம்பத்தாறுக்கு மூன்று என்று ஜெயித்தார்கள். நாரை வேடம் போட்ட பையன் மயங்கி விழுந்து, இறக்கையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மெரிலும் வரவில்லை, வேறு யாரும் வரவில்லை. எட்டாம் நாற்காலியில் என் குடையை வைத்திருந்தேன்.

நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. பழைய நீலப் பிக்கப் கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தது. அது உன் ஆட்டமும் இல்லை, பார்க்கும்படியான ஆட்டமும் இல்லை. அறுபது மைல் ஓட்டி வந்து, வண்டிக்குள் உட்கார்ந்து, வீட்டிலேயே கேட்கக்கூடிய ரேடியோவைக் கேட்டுவிட்டுப் போகிற மனுஷனை என்ன சொல்வது? எத்தனை வருடமாக இது நடக்கிறது?

ரேடியோ என்றால் எனக்கு எது ஞாபகம் வரும் என்று உனக்குத் தெரியும். அதை நீ நீதிமன்றத்தில் இருமல் என்று சொன்னாய். நீதிபதி நம்பினார். நான் உன் பக்கத்தில் நின்றிருந்தவள்.

ஆர்டித்


ரோஸ்டாக்
அக்டோபர் 2

ஆர்டித்,

தலைமை அலுவலகத்தின் பதிலை இணைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். சுருக்கமாகச் சொன்னால்: புள்ளிப் பட்டியலைப் பொறுத்தவரை அது வெளி ஆட்டம். டிவி, நடுவர்கள், மைதான விதிகள் ஆகியவற்றைப் பொறுத்தவரை உள் ஆட்டம். பட்டியலில் இரண்டு அணிகள் சமமாக நின்றால் அப்போது இதைக் கணக்கில் எடுப்பதா என்பது 'ஆய்வில் உள்ளது'. விவாகரத்துத் தீர்ப்புகள் பற்றிக் கருத்துச் சொல்லத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றும், தங்கள் கூட்டணியின் மீது காட்டும் ஆர்வத்துக்கு நன்றி என்றும் எழுதி, ஒரு ஒட்டுப்படமும் வைத்திருக்கிறார்கள். அதில் ஏரி இருக்கிறது.

எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் ஒன்று தெளிவு. முழுவதும் வெளி என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. ஆகவே பாதியாவது எனக்கு உண்டு. முதல் பாதி ஆட்டத்துக்கு நீ, இரண்டாம் பாதிக்கு நான் என்று வைத்துக்கொள்ளலாமா? இடைவேளையில் வாசலில் மாற்றிக்கொள்வோம்.

பிக்கப் பற்றிக் கேட்டாய். எனக்குச் சனிக்கிழமைகளில் வேறு போக்கிடம் தெரியவில்லை.

அது இருமல்தான். உன் அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தால் முதலில் ஸ்கோர் என்ன என்றுதான் கேட்டிருப்பார்.

டெல்பர்ட்


கார்வர்
அக்டோபர் 12

டெல்பர்ட்,

அப்பா ஸ்கோர் கேட்டிருப்பார். அதைச் சொல்ல வேண்டியது நான், நீ இல்லை.

அது இருமல் என்றால் இது வெளி ஆட்டம். இரண்டு பாதியும் என்னுடையவை.

ஆர்டித்


ரோஸ்டாக்
நவம்பர் 16

ஆர்டித்,

ஒரு மாதமாக இதை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். டிக்கெட் கேட்டு எழுதவில்லை. அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அது இருமல் இல்லை.

பதினோரு வருடம் முன்பு, நவம்பர், உன் அப்பாவின் அடக்கம். ப்ரெய்ரி ஸ்டேட் ஊரில் அதே நேரத்தில் ஆட்டம். சட்டைப்பையில் ரேடியோ. இயர்போன் ஒயரைக் கோட்டுக்குள்ளேயே கழுத்துவரை ஏற்றி, மஃப்ளருக்குள் மறைத்து, இடது காதில் வைத்திருந்தேன். நீ என் வலது பக்கம் நிற்பாய் என்று பார்த்து நின்றேன். இதையெல்லாம் காலையிலேயே கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன் ஆர்டித். அதுதான் இதில் மோசம்.

பாதிரியார் ஜெபத்தை முடித்துவிட்டுச் சற்று நிறுத்தினார். காற்றுகூட இல்லை. அந்த நேரம் பார்த்து நம் பையன் ஒருவன் பந்தைப் பறித்துக்கொண்டு எல்லைக்கோடு வரை ஓடுகிறான். நான் "போடு!" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் அன்று நினைத்தேன். உன் அம்மா திரும்பினாள். நீ திரும்பவே இல்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் இரண்டு தடவை இருமினேன், முதலில் கேட்டதும் இருமல்தான் என்று எல்லோரும் நினைக்கட்டும் என்று. அந்த இரண்டும்தான் பொய் இருமல். அந்த ஆட்டத்தில் தோற்கவும் தோற்றோம்.

பிறகு உன்னிடமும், வக்கீலிடமும், நீதிபதியிடமும் அதையே சொன்னேன். பல வருடம் சொன்னதில் எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நாற்காலி கொடுத்த மனுஷனைக் குழிக்குள் இறக்கும்போது நான் செய்தது இது. வெட்கமாக இருக்கிறது.

23ஆம் தேதி நான் கார் நிறுத்துமிடத்தில், வழக்கமான இடத்தில்தான் இருப்பேன். இறைச்சியும் பீன்ஸும் போட்டுச் சில்லி காய்ச்சுவேன், இலவங்கப்பட்டை ரோலும் இருக்கும். நீ வர வேண்டும் என்று எழுதவில்லை. இருப்பேன் என்று மட்டும் தெரிவிக்கிறேன்.

டெல்பர்ட்


கார்வர்
நவம்பர் 27

டெல்பர்ட்,

நான்கு நாளாகியும் சனிக்கிழமை நடந்தது எனக்குச் சரியாகப் புரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், தவறு இருந்தால் திருத்து.

முதல் பாதி முழுவதும் முப்பத்தொன்றாம் வரிசையில் இருந்தேன். ஏழில் நான், எட்டில் என் கம்பளி. உன் கடிதம் கைப்பையில். ஆட்டம் பதினேழுக்குப் பதினேழு, எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. இடைவேளை மணி அடித்ததும் எழுந்து, இரண்டாம் டிக்கெட்டை உன் போனுக்கு அனுப்பிவிட்டு, உன்னைக் கூட்டி வரலாம் என்று வாசலைத் தாண்டி வெளியே வந்தேன். நாம் எத்தனை வருடம் இடைவேளையில் வெளியே வந்து சில்லி சாப்பிட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறோம்! அம்மா இறைச்சியும் முட்டைக்கோஸும் வைத்துச் சுட்ட பீராக் ரொட்டியை அப்பா கோட்டுப்பையில் சுடச்சுட எடுத்துக்கொண்டு போவாரே, அப்படியே நினைத்துக்கொண்டு வந்தேன்.

உன்னைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல், "முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். நீயும் அதற்கு, "மேகம் போட்டிருக்கு, மழை வராது" என்று பதில் சொன்னாய். இருவரும் வாசலுக்கு வந்தோம். அங்கே அந்த மஞ்சள் கோட்டுக்காரன் மறித்தான்.

"அம்மா, உங்க டிக்கெட் ஏற்கெனவே உள்ள போயிடுச்சு. வெளிய வந்தா திரும்ப விட மாட்டோம்."

"முப்பது வருஷமா வர்றேன் போறேன், இன்னிக்கு என்னப்பா புதுசா?"

"புதுக் கூட்டணி, புது ரூல்மா. எங்களையே போன வாரம்தான் உக்கார வச்சு சொன்னாங்க."

"இது வெளி ஆட்டம்தானே? கூட்டணி ரூல் இதுக்கு எப்படிச் செல்லும்?"

அவன் விழித்தான். மேலதிகாரியைக் கூப்பிட்டான். அந்த மனுஷன், "புள்ளிக்குத்தான் வெளிம்மா, கேட்டுக்கு உள்ள" என்றான். உன் தலைமை அலுவலகம் எழுதியது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் உன் போனை நீட்டச் சொன்னான். பச்சை விளக்கு எரிந்தது. "சார், நீங்க போலாம்" என்றான். எட்டாம் நாற்காலி, இரண்டாம் பாதி, பதினேழுக்குப் பதினேழு, ப்ரெய்ரி ஸ்டேட். ஆகஸ்டிலிருந்து நீ கேட்டது அதுதானே? நீ வாசலுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாய். பிறகு அவனிடம், "முழங்கால் வலிக்குது, அவ்வளவு படி ஏற முடியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாய்.

பிக்கப்புக்குள் உட்கார்ந்து ரேடியோவில் கேட்டோம். நான் உன் கிண்ணத்திலேயே சில்லி சாப்பிட்டேன், இரண்டாவது கிண்ணம் நீ கொண்டு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் முதலில் உள்ளேயிருந்து கூட்டத்தின் சத்தம் வந்தது, ரேடியோக்காரன் அதையே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். கடைசி உதையில் பெரிய சத்தம் கேட்டபோது அது நம் சத்தமா அவர்கள் சத்தமா என்று தெரியாமல் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். 'நம்மது' என்று ரேடியோ சொல்லும்வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்ன பிறகும் பேசவில்லை. நான்தான் "போடு!" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு அழுகை வந்தது. அப்பாவுக்காகவா, உன் மேல் இருந்த கோபம் போனதாலா, அதுவும் தெரியவில்லை.

முப்பத்தொன்றாம் வரிசையில் அந்த வெற்றியைப் பார்த்தது என் கம்பளி மட்டும்தான். திங்கட்கிழமை போய் அதைத் திரும்ப வாங்கி வந்தேன்.

கல்லூரியிலிருந்து வந்த படிவம் ஒன்றை இணைத்திருக்கிறேன். மேற்கு அரங்கை இடிக்கப்போவது நிஜம்தான். புது அரங்கில் இரண்டு நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில் வேண்டுமானால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். இனிமேல் உள் ஆட்டம், வெளி ஆட்டம் என்று பிரிக்க என்னால் ஆகாது. ஏழு எனக்கு, எட்டு உனக்கு, எல்லா ஆட்டமும். செப்டம்பர் வெயிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

'ஒருவருக்கொருவர் என்ன உறவு' என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. கணவன் மனைவி என்று எழுத முடியாது. நண்பர்கள் என்று எழுதப் பேனா ஓடவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு காலியாக விட்டிருக்கிறேன். நீ எதையாவது எழுது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நீ ஒரு வாரம் முன்புதான் கிடங்கின் கூரை மேல் ஏறி ஓடு மாற்றினாய் என்று லைல் பென்னரின் மனைவி சொன்னாள். எந்த முழங்கால் வலி?

ஆர்டித்


ரோஸ்டாக்
டிசம்பர் 4

அன்புள்ள ஆர்டித்,

முழங்காலும் அந்த இருமல் மாதிரிதான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் கட்டத்தைப் பார்த்து நானும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், தலைமை அலுவலகம் அனுப்பிய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருப்பதையே எழுதிவிட்டேன்: 'ஒரே கூட்டணி. ஆனால் புள்ளிப் பட்டியலில் சேராது.'

கல்லூரிக்காரர்களுக்குப் புரியாது. புரியாவிட்டால் அந்த டிக்கெட் பெண் உனக்குப் போன் செய்வாள். எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதைப் படிக்கிறேன் என்று சொல்லிவிடு.

அடுத்த தடவை இரண்டு கிண்ணம் கொண்டு வருகிறேன்.

டெல்பர்ட்